வீட்டில் இரண்டு டேக்குகளை ஒப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கி ஹாலில் வைத்தவர்களுக்கு அடுத்த ஆசை பெரும்பாலும் டேக்கின் (DAC) மேல்தான் வருகிறது. டிஜிட்டல் கோப்பில் எண்களாக இருக்கும் இசையை, ஆம்ப்ளிஃபயர் எடுத்துக்கொள்ளக்கூடிய மின்னழுத்தமாக மாற்றித் தருவது இதன் வேலை. கைப்பேசியில் செருகும் ஆயிரம் ரூபாய் டாங்கிளும் அதைத்தான் செய்கிறது, பல லட்சம் விலையுள்ள அலுமினியப் பெட்டியும் அதைத்தான் செய்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் விலைக்குக் காதில் ஏதாவது கிடைக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் கீழே.

என் வீட்டில் ஏற்கெனவே டேக் இருக்கிறதா?

கட்டாயம் இருக்கிறது. கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, சிடி பிளேயர், புளூடூத் ஸ்பீக்கர் என்று டிஜிட்டலில் வாங்கி ஒலியாகத் தரும் எல்லாவற்றுக்குள்ளும் ஒன்று உண்டு. ஹெட்போன் துளை இல்லாத கைப்பேசிகளுக்கு விற்கும் குட்டி வயர் இருக்கிறதே, அதன் முனையில் உள்ள சிறு குமிழுக்குள்ளும் ஒரு முழு டேக் உட்கார்ந்திருக்கிறது. இசைத்தட்டு மட்டுமே கேட்பவருக்குத்தான் இது தேவையில்லை.

இரண்டு டேக்குகளுக்கு இடையே வித்தியாசம் கேட்குமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டும் பழுதில்லாத நவீனக் கருவிகளாக இருந்து, வால்யூமும் துல்லியமாகச் சமமாக இருந்தால், பெரும்பாலான வீடுகளில் பெரும்பாலானவர்களுக்குக் கேட்காது. கேட்கும் இடங்களும் உண்டு. அங்கெல்லாம் காரணத்தைத் தேடிப் பிடித்துவிடலாம்.

ஆனால் புது டேக்கை மாட்டியதுமே குரல் முன்னால் வந்தது, பாஸ் இறுகியது. எல்லாம் என் கற்பனையா?

கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் காது ஒரு வித்தியாசத்தைக் கேட்டிருக்கிறது. அது எதனால் வந்தது என்பதில்தான் சிக்கல்.

சிடி பிளேயர் காலத்திலிருந்து வீட்டுக் கருவிகளின் வழக்கமான வெளியீடு 2 வோல்ட். எல்லாரும் அதை அப்படியே பின்பற்றுவதில்லை. ஒரு டேக் 2 வோல்ட் தர, பக்கத்தில் இருப்பது 2.3 வோல்ட் தந்தால் ஒலியளவில் சுமார் 1.2 டெசிபெல் வேறுபாடு வருகிறது. பெரிய மாற்றமாக இருந்தால் ‘சத்தம் கூடிவிட்டது’ என்று உடனே தெரிந்துவிடும். ஒரு டெசிபெல் அளவில் வரும்போது நாம் அதைச் சத்தமாக உணர்வதில்லை. தெளிவு, நெருக்கம், உயிர்ப்பு என்றெல்லாம் உணர்கிறோம். பாஸ் கூடியதாகத் தோன்றுவதற்கும் காரணம் இருக்கிறது. ஒலி தாழ்ந்திருக்கும்போது நம் காது தாழ்ந்த சுருதிகளை மிகவும் குறைத்தே கேட்கும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். வால்யூமைக் கொஞ்சம் உயர்த்தினால் பாஸ் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்ததுபோல் கேட்கும்.

டாங்கிளோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் பெரிது. பல டாங்கிள்களின் உச்ச வெளியீடு 1 வோல்ட்தான். 2 வோல்ட் கருவிக்கு அருகில் அது 6 டெசிபெல் தாழ்ந்து நிற்கிறது. இந்த நிலையில் ஒப்பிட்டுப் பார்த்து ‘டாங்கிளில் உயிரே இல்லை’ என்று தீர்ப்புச் சொல்வது, அதன் வாயைப் பொத்திவிட்டுப் பாடச் சொல்வதுபோல் இருக்கிறது. ஆப்பிள் டாங்கிளைச் சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் செருகினால் ஒலி இன்னும் தாழ்ந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வால்யூமை எப்படிச் சமப்படுத்துவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் 400 ஹெர்ட்ஸ் சைன் அலை (ஒரே சுருதியில் நீளும் ஒலி) ஒன்றை உருவாக்குங்கள். வீச்சு 0.25 என்று கொடுத்தால் அது முழு அளவிலிருந்து 12 டெசிபெல் குறைவாக இருக்கும். ஸ்பீக்கருக்கும் காதுக்கும் பாதுகாப்பு. அதை முதல் டேக் வழியாக ஒலிக்கவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளவெடுங்கள். ஆம்ப்ளிஃபயர் வால்யூமைத் திருப்பி, மீட்டர் 1 வோல்ட் அருகே காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். மீட்டரின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. தொட்டால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும் ஆபத்து உண்டு. இனி அந்தக் குமிழைத் தொடாதீர்கள். இரண்டாவது டேக்குக்கு மாறி மறுபடி அளவெடுங்கள்.

இரண்டு எண்களும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். முதலாவது 1.000 என்றால் இரண்டாவது 0.990-க்கும் 1.010-க்கும் நடுவில் இருக்கட்டும். அதுதான் ஏறத்தாழ 0.1 டெசிபெல். கூடுதலாக இருக்கும் டேக்கை, கணினியில் அந்த டேக்குக்கு மட்டும் உரிய வால்யூமிலோ, டேக்கிலேயே வால்யூம் இருந்தால் அதிலோ குறையுங்கள். டிஜிட்டலில் குறைத்தால் தரம் போய்விடுமே என்று பதறத் தேவையில்லை. 6 டெசிபெல் குறைத்தால் ஒரு பிட் போகிறது. வெளியீடு 24 பிட்டாக இருக்கும்போது அந்த இழப்பு எந்த வீட்டிலும் கேட்காது. இடது, வலது இரண்டையும் தனித்தனியே அளந்துவிடுங்கள். ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழ் உள்ள மலிவான டேக்குகளில், தாழ்ந்த வால்யூமில் ஒரு பக்கம் மற்றதைவிட ஓங்கி ஒலிப்பது சாதாரணம்.

மீட்டரிலும் ஒரு கண் வேண்டும். எலெக்ட்ரிகல் கடைகளில் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மீட்டர்களில் ஏசிக்கு மிகக் குறைந்த அளவே 200 வோல்ட், அது 0.1 வோல்ட் படிகளில்தான் காட்டும். வீட்டு பிளக்கைச் சோதிக்க அது போதும், இந்த வேலைக்கு ஆகாது. ஏசியில் 2 அல்லது 6 வோல்ட் அளவு உள்ள மீட்டர் வேண்டும். நண்பர்களில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலி போதாதா?

போதாது. மின்விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும் சேர்ந்து அதன் எண்ணை ஆட்டிக்கொண்டே இருக்கும். கைப்பேசியை ஒரு சாண் நகர்த்தினாலே நீங்கள் அளக்க நினைக்கும் வேறுபாட்டைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடும். காதால் சமப்படுத்துவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி மாறுவது? வயரைப் பிடுங்கி மாட்டினால் போதுமா?

பிடுங்கி மாட்டுவதற்குள் காதின் நினைவு மங்கிவிடும். மெல்லிய ஒலி வேறுபாடுகளை நாம் சில விநாடிகளுக்கு மேல் துல்லியமாக நினைவில் வைத்திருப்பதில்லை. ‘போன வாரம் நண்பர் வீட்டில் கேட்டதைவிட இது நன்றாக இருக்கிறது’ என்பதெல்லாம் பேசிக்கொள்ளச் சுவையாக இருக்கும், ஒப்பீடாகாது.

ஒரே மூலத்திலிருந்து இரண்டு டேக்குக்கும் ஒரே நேரத்தில் சிக்னல் போக வேண்டும். ஆப்டிகல், கோஆக்சியல் என்ற இரண்டு டிஜிட்டல் வெளியீடும் உள்ள பழைய சிடி பிளேயர் ஒன்று கிடைத்தால் வேலை சுலபம்: ஒன்றை ஒரு டேக்குக்கும் மற்றதை அடுத்த டேக்குக்கும் கொடுங்கள். மேக் கணினியில் ‘ஆடியோ மிடி செட்டப்’ என்ற செயலியில் இரண்டு கருவிகளைச் சேர்த்து ஒரே வெளியீடாக வைக்கலாம். லினக்ஸிலும் இதற்கு வழி இருக்கிறது. இரண்டு டேக்குகளின் ஆர்சிஏ வயர்களும் (அனலாக் ஒலியைக் கொண்டுபோகும் வழக்கமான வயர்கள்) ஆம்ப்ளிஃபயரின் இரண்டு உள்ளீடுகளுக்குப் போகட்டும். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் மாற்றம் முடிந்தது.

டேக்குக்கு டேக் உள்ளே பிடிக்கும் தாமதம் வேறுபடும் என்பதால், மாறும் கணத்தில் பாட்டு ஒரு இழை முன்னால் அல்லது பின்னால் குதிக்கலாம். அந்தக் குதிப்பை வைத்தே எது எது என்று காது கண்டுபிடித்துவிடும். அதைத் தடுக்கும் வழி அடுத்து வரும் சோதனையில் இருக்கிறது.

என்னிடம் இருப்பது ஹோம் தியேட்டர் ரிசீவர். அதில் ஒப்பிடலாமா?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெளி டேக்கின் அனலாக் ஒலியை ரிசீவருக்குக் கொடுத்தால், பெரும்பாலான ரிசீவர்கள் அதைத் திரும்பவும் டிஜிட்டலாக்கி, அறைத் திருத்தம் (அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்வது), சப்வூஃபர் பிரிப்பு எல்லாம் செய்து, தன்னுடைய டேக் வழியாகவே வெளியே விடும். இருபதாயிரம் ரூபாய் டேக்கை மாட்டிவிட்டுக் கடைசியில் நீங்கள் கேட்பது ரிசீவரின் டேக்கைத்தான். ‘டைரக்ட்’ அல்லது ‘பியூர் டைரக்ட்’ என்ற நிலையில் வைத்தால் இந்தச் சுற்றைத் தவிர்க்கலாம். ஆனால் அப்போது அறைத் திருத்தமும் போய்விடும். அது டேக்கைவிடப் பல மடங்கு முக்கியமானது. ரிசீவர் வைத்திருப்பவர் பாட்டை டிஜிட்டலாகவே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

கண்ணைக் கட்டிக்கொண்டு சோதிப்பது என்கிறார்களே, வீட்டில் முடியுமா?

முடியும். ஓர் ஆளும் ஒரு நாணயமும் ஒரு தாளும் போதும்.

வீட்டில் பொறுமையுள்ள ஒருவரை உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார வையுங்கள். ரிமோட் அவர் கையில். அவர் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் முதல் டேக், பூ விழுந்தால் இரண்டாவது என்று மாற்றி, தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் முதலில் எதுவும் மாட்டாத மூன்றாவது உள்ளீட்டுக்குப் போய், ஓரிரு விநாடி அமைதிக்குப் பிறகே உரிய உள்ளீட்டுக்கு வர வேண்டும். நாணயம் அதே டேக்கைச் சொன்னாலும் இப்படித்தான். அப்போது ஆம்ப்ளிஃபயருக்குள் உள்ளீட்டை மாற்றும் ரிலேயின் ‘டிக்’ சத்தமும் மேலே சொன்ன குதிப்பும் உங்களுக்குத் துப்புக் கொடுக்காது. அவர் பேசக் கூடாது, பெருமூச்சும் விடக் கூடாது. சோதனைக்கு முன்னால் எது எது என்று தெரிந்தே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.

16 சுற்றில் 12 சரியாகச் சொன்னால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 10 சுற்றில் 9 என்றால் சுமார் 1 சதவீதம். 10-க்கு 7 சரி என்று துள்ளாதீர்கள். நாணயம் சுண்டியே ஆறில் ஒருவர் அதை எட்டிவிடலாம். சுற்றுகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். நன்றாகப் போகும்போது நிறுத்திக்கொள்வது ஏமாற்று. களைப்பு வந்தால் காப்பி குடித்துவிட்டு வந்து தொடரலாம், அதில் தவறில்லை.

என்ன பாட்டைப் போட்டுக் கேட்பது?

நன்றாகப் பழகிய பாட்டு. அதிலும் பத்து விநாடித் துண்டு போதும். திரும்பத் திரும்ப அதையே கேளுங்கள்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. தம்புரா ஒரே நிலையில் தொடர்ந்து ஒலிப்பதால், பின்னணியில் உறுமலோ சீற்றமோ சேர்ந்தால் அது மறைவதற்கு இடமில்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் சாப்பும் கஞ்சிராவின் சலங்கையும் மேல் சுருதிகளில் ஏற்படும் மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் பதிவு நல்லதாக இருக்க வேண்டும். அறுபது எழுபதுகளின் கச்சேரிகளை ஒருவர் கேசட்டில் எடுத்து, இன்னொருவர் அதை நகலெடுத்து, மூன்றாமவர் கணினியில் ஏற்றியது நம்மிடம் நிறைய இருக்கிறது. அவை விலைமதிப்பற்றவை, சந்தேகமில்லை. ஆனால் சாதாரண கேசட்டில் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் உள்ள இடைவெளி 50 முதல் 60 டெசிபெல்தான். சிடியில் அது 96. அந்தக் கேசட் இரைச்சலுக்கு அடியில் எந்த டேக்கின் நுணுக்கமும் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த பல திரைப்படப் பாடல்கள் வேறு வகைச் சிக்கல். உச்ச எல்லை வரை அழுத்தி ஓங்க வைத்திருப்பார்கள். எண்கள் எல்லையைத் தாண்டாவிட்டாலும், இரண்டு எண்களுக்கு நடுவே டேக் வரையும் அலை எல்லையைத் தாண்டிவிடும். அதற்கு இடம் ஒதுக்காத டேக்குகளில் உச்சங்கள் வெட்டுப்படும். இங்கே டேக்குகளுக்குள் உண்மையான வேறுபாடு வரலாம். பிளேயர் மென்பொருளில் 3 டெசிபெல் குறைத்து வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சோதனையில் தோற்றுவிட்டேன். என் காது மோசமா?

உங்களோடு நிறையப் பேர் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் மேயர், மோரன் என்ற இருவர் நடத்தி 2007-இல் வெளியிட்ட சோதனையில், உயர்தர எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) ஒலியையும், அதையே சிடி தரத்துக்கு, அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 44,100 எண்கள்) இறக்கிய ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 சுற்றில் 276 சரி. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். அந்தத் தட்டுகள் சிலவற்றில் உயர்தர உள்ளடக்கமே இல்லை என்று பிறகு குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. 2016-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் இதுபோன்ற 18 ஆய்வுகளை, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். சரியான விடை 52.3 சதவீதம். பயிற்சி பெற்றவர்களிடம் அது இன்னும் கூடியது. எனவே ‘யாருக்கும் எப்போதும் கேட்காது’ என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நூறில் இரண்டு மூன்று சுற்றில் தலைகாட்டும் ஒன்றை ‘இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்’ என்று விளம்பரம் எழுதுவது அநியாயம்.

அப்படியானால் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் வீணா?

பதிவு செய்யும் இடத்தில் 24 பிட் அவசியம். அளவு சற்றுத் தவறினாலும் பின்னால் சரிசெய்ய இடம் கிடைக்கும். கேட்கும் இடத்தில் 44.1 கிலோஹெர்ட்ஸே 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான சுருதிகளைத் தந்துவிடுகிறது. நாற்பது வயதுக்கு மேல் 15,000-ஐத் தாண்டிக் கேட்பவர்கள் குறைவு. 24 பிட்டின் கணக்குப்படி இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் நடுவே 144 டெசிபெல் வர வேண்டும். மிகச் சிறந்த டேக்குகளும் நடைமுறையில் அதற்குப் பல டெசிபெல் முன்பே நின்றுவிடுகின்றன. அதுவே வீட்டுக்கு மிக அதிகம்.

எந்தச் சிப் நல்லது? ஈஎஸ்எஸ்ஸா, ஏகேஎம்மா?

இரண்டும் டேக்குக்கான சிப் செய்யும் நிறுவனங்கள். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் இருந்த ஏகேஎம் சிப் தொழிற்சாலை தீப்பிடித்தது. சிப் கிடைக்காமல் பல டேக் நிறுவனங்கள் ஈஎஸ்எஸ் பக்கம் போயின. ‘ஏகேஎம் மென்மை, ஈஎஸ்எஸ் கூர்மை’ என்று அதுவரை சத்தியம் செய்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்ல முடியுமா என்று சோதிக்க அது நல்ல சந்தர்ப்பம். சிப்பைச் சுற்றியுள்ள மின்வழங்கியும் அனலாக் பகுதியும் அமைந்திருக்கும் விதம்தான் முடிவில் எண்ணப்படும். ஒரே சிப்பில் அருமையான டேக்கும் உண்டு, இரைச்சல் பெட்டியும் உண்டு.

மின்தடை ஏணி வைத்த ‘ஆர்-டூ-ஆர்’ டேக் இயல்பான ஒலி தருமாமே?

மின்தடைகளை ஏணிபோல் அடுக்கி எண்களை மின்னழுத்தமாக்கும் வகை இது. 24 பிட் ஏணியில் ஒரு கோடியே 67 லட்சத்துச் சொச்சம் படிகள். அந்தப் படிகளை நேராக அமைக்க வேண்டிய மின்தடைகளின் துல்லியமோ, உயர்ந்த ரகத்திலேயே பத்தாயிரத்தில் ஒன்று. அது 13 பிட்டுக்குத்தான் வரும். மிச்சத்தைச் சாமர்த்தியமான திருத்தங்களால் ஈடுகட்டுகிறார்கள். நன்றாகச் செய்தவை நன்றாகவே ஒலிக்கின்றன. அந்தப் பொறியியல் அழகுக்காக ஒருவர் வாங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மிகைமாதிரி செய்யாத, அதாவது எண்களுக்கு நடுவே கூடுதல் எண்களைக் கணக்கிட்டு நிரப்பாத, ‘நாஸ்’ எனப்படும் வகையில் மட்டும் உண்மையிலேயே வேறு ஒலி கேட்கும். சிடி தர ஒலியில் அது 10,000 ஹெர்ட்ஸில் முக்கால் டெசிபெலும், 20,000 ஹெர்ட்ஸில் 3 டெசிபெலுக்குச் சற்று மேலும் குறைத்துவிடும். ‘கதகதப்பான ஒலி’ என்று புகழப்படுவதில் ஒரு பகுதி இந்தக் குறைப்புத்தான். ஆம்ப்ளிஃபயரின் டிரெபிள் குமிழும் கிட்டத்தட்ட இதைச் செய்யும், இலவசமாக.

டேக்கைக் கணினியில் மாட்டியதிலிருந்து ஸ்பீக்கரில் உறுமல் வருகிறது. டேக் மோசமா?

பெரும்பாலும் எர்த் சுற்று. நம் வீடுகளில் டேக்குகளுக்கு இடையே கேட்கும் மிகத் தெளிவான வேறுபாடு இதுதான். எந்தச் சிப்பும் இதற்குப் பொறுப்பில்லை.

கணினி ஒரு பிளக்கின் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, ஆம்ப்ளிஃபயர் இன்னொன்றின் வழியாக. யூஎஸ்பி வயரும் ஆர்சிஏ வயரும் இரண்டையும் இணைத்ததும் ஒரு வளையம் உருவாகிறது. அதில் ஓடும் சிறு மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் உறுமலாகவும் அதன் மடங்குகளாகவும் ஸ்பீக்கரில் வருகிறது. கணினியின் உள்வேலைச் சத்தமும், மௌஸை நகர்த்தும்போது கீச்சென்றும், சில நேரம் இதே வழியில் வந்து சேரும். கேபிள் டிவி வயர் ஆம்ப்ளிஃபயரோடு தொடர்பில் இருந்தால் வளையம் அந்தப் பக்கமும் திறக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிடுங்கள். உறுமல் நின்றால் வழக்கு முடிந்தது. கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். தீர்வு: யூஎஸ்பிக்குப் பதில் ஆப்டிகல் வயர். அதில் போவது ஒளி. மின்சாரம் கடக்க வழியே இல்லை. இருநூறு ரூபாய் ஆப்டிகல் வயர் தீர்த்துவைக்கும் சிக்கலுக்குப் பத்தாயிரம் ரூபாய் யூஎஸ்பி வயரைப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள், கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். ஆப்டிகல் இல்லையென்றால், மின்தொடர்பை அறுத்துத் தரவை மட்டும் கடத்தும் யூஎஸ்பி ஐசோலேட்டர் உதவும். டேக்கிலும் ஆம்ப்ளிஃபயரிலும் எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை பேலன்ஸ்டு வயர்) வசதி இருந்தால் அதுவும் நல்லது.

மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் யோசனையை எந்த எலெக்ட்ரீஷியன் சொன்னாலும் கேட்காதீர்கள். உறுமல் நிற்கும்; கருவியில் கசிவு ஏற்படும் நாளில் அதன் உலோக உடலைத் தொடுபவர் உயிருக்கு ஆபத்து. கைக்குச் சுர்ரென்று தட்டும் கருவி எதுவானாலும் முதலில் வீட்டு எர்த்தைச் சோதிக்க ஆளைக் கூப்பிடுங்கள், டேக் பிறகு.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஆம்ப்ளிஃபயர் ரீங்கரித்தால், இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருக்கும். அந்த நேரத்தில் எந்த ஒப்பீடும் செய்யாதீர்கள்.

ஜிட்டர் என்று பயமுறுத்துகிறார்களே?

எண்களை ஒலியாக்கும் கடிகாரத்தின் துடிப்பு முன்னே பின்னே தடுமாறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 2005-இல் ஜப்பானில் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற காதுகளே இசையில் அதைக் கண்டுபிடிக்கத் தடுமாற்றம் பல நூறு நானோவிநாடி வரை போக வேண்டியிருந்தது. இன்றைய சாதாரண டேக்குகளில் அது அதைவிட மிக மிகக் குறைவு. யூஎஸ்பி டேக்குகளில் பெரும்பாலானவை தங்கள் சொந்தக் கடிகாரத்தையே நம்புகின்றன. கணினி அவை கேட்கும்போது தரவைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். வேறு கவலை இருந்தால் அதைப் படுங்கள்.

டிவியின் ஆப்டிகல் வெளியீட்டை டேக்கில் மாட்டினேன். சில படங்களுக்குச் சத்தமே வரவில்லை.

டிவி டால்பி டிஜிட்டல் வடிவில் அனுப்புகிறது, உங்கள் டேக்குக்கு அது புரியவில்லை. டிவி அமைப்பில் டிஜிட்டல் ஒலி வெளியீட்டை ‘பிசிஎம்’ என்று மாற்றுங்கள்.

ஹெட்போனுக்கும் இதே கதைதானா?

கொஞ்சம் மாறும். டேக்கோடு சேர்ந்த ஹெட்போன் பகுதியின் வெளியீட்டு மின்மறுப்பு (இம்பீடன்ஸ்), ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 16 ஓம் இயர்போனை 10 ஓம் வெளியீட்டில் மாட்டினால் சில மாதிரிகளில் பாஸும் மேல் சுருதியும் இடம் மாறியதுபோல் கேட்கும். காதுக்குள் செருகும் நுண்ணுணர்வுள்ள இயர்போனில் சீற்றமும் தெரியும். இங்கே கேட்கும் வித்தியாசம் உண்மையானது.

புது டேக் நூறு மணி நேரம் ஓடினால் ஒலி கனியுமா?

ஓடும் நேரத்தில் பழகுவது காது.

இதற்கெல்லாம் நேரமில்லை. பணத்தை எதில் போடட்டும்?

முதலில் ஸ்பீக்கர். ஒரு நல்ல டேக் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கால் டெசிபெல்கூட விலகாது. நல்ல ஸ்பீக்கரே இரண்டு மூன்று டெசிபெல் மேலும் கீழும் போகும். அறையோ அதையும் மிஞ்சும்: 4 மீட்டர் நீளமுள்ள ஹாலில் 43 ஹெர்ட்ஸ் அருகே ஓர் இடத்தில் பாஸ் குமுறும், இன்னோர் இடத்தில் காணாமலே போகும். அந்த ஏற்ற இறக்கம் 10 டெசிபெலைச் சாதாரணமாகத் தாண்டும். சோபாவைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுப்பதும், ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே எடுப்பதும், வெறும் டைல்ஸ் தரையில் கனமான ஜமக்காளம் விரிப்பதும் எந்த டேக்கும் செய்ய முடியாத மாற்றத்தைச் செய்யும்.

டேக் வாங்கியே ஆக வேண்டும் என்றால், வெளியீடு 2 வோல்ட், உங்களுக்கு வேண்டிய உள்ளீடுகள், ரிமோட், ஆப்டிகல் வசதி இவற்றைப் பாருங்கள். யாராவது கருவி வைத்து அளந்து எண்களை வெளியிட்டிருந்தால் இரைச்சலும் சிதைவும் சேர்ந்த கணக்கு 100 டெசிபெலைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் சிடிக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. அதற்கு மேல் 110-ஆ 120-ஆ என்ற போட்டி வரைபடத்துக்குத்தான்.

பழைய டேக்கை விற்றுவிடலாமா?

சோதனை முடியும் வரை வேண்டாம். புதியதைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் மீட்டரை இரவல் வாங்கி 16 சுற்றையும் முடித்துவிடுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் எதைத் திருப்பி அனுப்புவது என்று உங்களுக்கே தெரியும். தெரிந்தால், பழையதை டிவிக்கு மாட்டிக்கொள்ளுங்கள்.